விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவன்

தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது, சாக்கடை வாசலுக்கே வந்துவிட்டது என்று ஜனங்கள் போன் செய்து திட்டுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கறுப்புத் திரையில் புகார்களைத் தட்டிக்கொண்டிருக்கும் ஏழெட்டுப் பேரில் ஒருத்தியைத் துப்பக்கா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது; அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. துப்பறியும் கதை எழுதுகிறாள் என்று தெரிந்த அன்றைக்கே, "துப்புக் கெட்ட ஆபீசுக்கு ஒரு துப்பக்கா" என்று மேலதிகாரி ஆரம்பித்து வைத்தார். அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை முன்பின் தெரியாதவர்களிடம் வசவு வாங்குகிறவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கதை என்றால் புத்தகம் இல்லை. அவள் எழுதியது கம்ப்யூட்டரில் ஆடுகிற கதை. அதில் படம் கிடையாது, பாட்டு கிடையாது. கறுப்புத் திரையில் நாலு வரி வரும்: நீ ஒரு வீட்டுக் கூடத்தில் நிற்கிறாய், கிழக்கே ஒரு கதவு, மேஜைமேல் உடைந்த கண்ணாடி டம்ளர். அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டு நிற்கும். ஆடுகிறவர்தான் தட்ட வேண்டும். கிழக்கே போ. டம்ளரைப் பார். சமையல்காரரைக் கேள். தெரிந்த கட்டளையாக இருந்தால் கதை நகரும். தெரியாததைத் தட்டினால் "நீ சொல்வது எனக்குப் புரியவில்லை" என்று அந்த மெஷின் கூசாமல் சொல்லும். கடைசியில் குற்றவாளி யார் என்று தட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது.

உலகம் எங்கெங்கோ போய்விட்ட பிறகும் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் இருந்தது. ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார் தன் வீட்டு அலமாரியில் ஒரு மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். எழுதுகிறவர்கள் ஆட்டங்களை அதில் ஏற்றுவார்கள், ஆடுகிறவர்கள் எங்கிருந்தோ வந்து ஆடிவிட்டுப் போவார்கள். யார், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது, மெஷினும் அதைக் குறித்து வைக்காது. அது வாத்தியாருடைய சட்டம். ஆனால் ஆடியவர் தட்டிய ஒவ்வொரு வரியும் மறுநாள் காலையில் அந்த ஆட்டத்தை எழுதியவருக்கு வந்துவிடும். எங்கே திணறினார்கள், எங்கே சலித்துப்போய் எழுந்து போனார்கள் என்று பார்த்து ஆட்டத்தைச் சரி செய்யத்தான் அந்த ஏற்பாடு.

துப்பக்காவின் ஆட்டங்களை முதலில் ஆடுவது அவள் தம்பி. வீட்டில் அவன் ஃப்யூஸ். தொட்டதற்கெல்லாம் பொசுக்கென்று போய்விடுவான் என்று அப்பா வைத்த பெயர். அப்பா வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரே ஒரு விளக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டுக்கு வர வேண்டியவர் வெளியே இருந்தால் வாசல் விளக்கைப் போட்டு வைக்க வேண்டும், கடைசியாக வருகிறவர் அதை அணைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். அம்மா இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனாள். துப்பக்கா பாதி நாள் மறந்துவிடுவாள். ஃப்யூஸுக்கு மட்டும் அது ரத்தத்திலேயே ஊறிவிட்டது. அக்காவின் ஆட்டத்தில்கூட ஒரு அறையை விட்டுப் போகும்போது "விளக்கை அணை" என்று தட்டிவிட்டுத்தான் போவான். அதனால் ஒரு பயனும் கிடையாது. அவனுக்காகவே அவள் எல்லா ஆட்டத்திலும் அந்தக் கட்டளையை வைத்தாள். "அணைத்துவிட்டாய், அப்பா சந்தோஷப்படுவார்" என்று பதில் வரும். விழுந்து விழுந்து சிரிப்பான்.

இன்னொரு குணமும் அவனுக்கு உண்டு. தானே கண்டுபிடித்தால்தான் எதையும் நம்புவான். அதிலும் அக்கா சொன்னால் சுத்தமாக நம்பமாட்டான். அதற்கு அவள்தான் காரணம். சின்ன வயதிலிருந்து அவன் உடைத்ததையும் தொலைத்ததையும் மறைக்க அப்பாவிடம் அவள் அடுக்கடுக்காகப் புளுகியிருக்கிறாள். "நீ எனக்காக எந்தப் பொய் வேணாலும் சொல்லுவக்கா" என்பான். அப்போது அது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய வேனை ஃப்யூஸ் ஓட்டினான். வழியெல்லாம் இரண்டு பேருக்கும் வாக்குவாதம்; அப்பாவோடு வேலைக்கு வரமாட்டேன், வேறு வேலை பார்க்கிறேன் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். நடுவில் அப்பா அவன் கையை இறுக்கிப் பிடித்தார். அதட்டத்தான் பிடிக்கிறார் என்று நினைத்து அவன் கையை உதறினான். வண்டி சுவரில் போய் மோதியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், சித்தப்பா அவன் சட்டையைப் பிடித்து, "பெத்த அப்பனையே கொன்னுட்டியேடா" என்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அழுகிற ஜாதி அவர். மறுநாளே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது என்ன புண்ணியம்? ஃப்யூஸ் அதற்குள் வீட்டை விட்டே போய்விட்டான். போனை அலமாரியில் வைத்துவிட்டு, அம்மாவிடம் மட்டும், "நான் இருந்து யாருக்கும்மா என்ன பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் டாக்டர் துப்பக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மோதலில் பட்ட அடி உயிர் போகிற அடியே இல்லை, இதயம் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது, கையைப் பிடித்ததே அந்த வலியில்தான் இருக்கும், பக்கத்தில் நானே உட்கார்ந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். துப்பக்கா அந்த நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். இதைக் கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. கொலைகாரன் என்ற நினைப்போடு அவன் எங்கேயோ அலைகிறான். அந்த நினைப்பு அவனைத் தின்று முடிப்பதற்குள் இந்தச் சேதி அவனிடம் போய்ச் சேர வேண்டும். அதன்பிறகு அவளுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

போலீசில் சொன்னார்கள். வயது வந்த ஆள், தானாகப் போயிருக்கிறான், வருவான் என்றார்கள். அது கிணற்றில் போட்ட கல். சிநேகிதர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். அப்புறம் ஒருநாள் வாத்தியாரின் மெஷினில் எல்லோரும் எழுதிப் போடுகிற பொதுப் பலகையில் யாரோ பேச்சுவாக்கில், என் ஆட்டத்தில் எவனோ ஒருத்தன் அறை அறையாக விளக்கை அணைக்கப் பார்க்கிறான், கிறுக்கன் என்று எழுதியிருந்தார்கள். துப்பக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். உயிரோடு இருக்கிறான். அவசரப்பட்டு அதே பலகையில், "ஃப்யூஸ், உன்மேல எந்தத் தப்பும் இல்லடா, வீட்டுக்கு வா" என்று போட்டாள். அதோடு சரி. அந்தக் கிறுக்கன் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. மாதங்கள் போயின. அக்கா வழக்கம்போல் தனக்காகப் புளுகுகிறாள் என்று நினைத்திருப்பான். அவசரக்குடுக்கை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்த ஆட்டத்தை எழுத உட்கார்ந்தாள். சொன்னால் நம்பமாட்டான், கண்டுபிடித்தால் நம்புவான். அப்படியானால் கண்டுபிடிக்கட்டும். பணக்கார முதலாளி ஒருவர் காரில் செத்துக் கிடக்கிறார், ஓட்டியவன் கையை உதறினான், கார் மரத்தில் மோதியது. எல்லோரும் ஓட்டுநரைக் கை காட்டுகிறார்கள். முதலாளிக்குக் கொஞ்ச நாளாக மூச்சு வாங்கியதைச் சமையல்காரர் சொல்வார். கை மரத்துப் போகிறது என்று அவர் புலம்பியதைத் தோட்டக்காரர் சொல்வார். பாதிக் கதைக்குமேல் டாக்டர் வந்து உள்ளறையில் உட்கார்ந்திருப்பார். அவரைக் கேட்டால், நிஜ டாக்டர் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொல்வார். வீடு மட்டும் அவர்கள் வீடு. எந்தக் கதவு எங்கே, எந்த ஸ்விட்சு எங்கே, எல்லாம் அப்படியே. வாசல் விளக்குகூட இருந்தது. சொந்த வீடாயிற்றே என்று இந்த ஒரு ஆட்டத்தில் மட்டும் விளக்கையும் நிஜமாக்கினாள்: அணைத்தால் அறை உண்மையிலேயே இருட்டாகிவிடும்.

ஆட்டம் மெஷினில் ஏறியது. தினமும் காலையில், போன் அடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். யார் யாரோ வந்தார்கள். ரொம்பச் சுலபம் என்றார்கள், துப்பக்காவுக்கு வயதாகிவிட்டது என்றார்கள். ஒருத்தர்கூட விளக்கைத் தொடவில்லை. வீட்டுக்குப் போனால் அம்மா கதவருகிலேயே நிற்பாள். கம்ப்யூட்டரைப் பற்றி அம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவளுடைய கேள்வி ஒன்றுதான்: "இன்னைக்காவது லைட்டை அணைச்சானா?"

ஒருநாள் அணைத்திருந்தான். கூடத்தில் அணைத்தான், சமையலறையில் அணைத்தான். சமையல்காரரைக் கேட்டான், மூச்சு வாங்கியது தெரிந்துகொண்டான். உள்ளறைக்குப் போனான். அங்கே அப்போது யாரும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் விளக்கை அணைத்துவிட்டு வந்தான். தோட்டக்காரரைக் கேட்டான். டாக்டர் வந்துவிட்டார் என்று சேதி வந்தது. உள்ளறைக்கு ஓடினான்.

இருட்டாக இருக்கிறது. இங்கே யாரும் தெரியவில்லை.

விளக்கைப் போடு என்று தட்டியிருந்தான். நீ சொல்வது எனக்குப் புரியவில்லை. ஸ்விட்சைத் தட்டு என்றான். புரியவில்லை. டாக்டரைக் கேள். இங்கே யாரும் தெரியவில்லை. மறுபடி, மறுபடி, விளக்கைப் போடு.

அணைக்கிற கட்டளை எல்லா ஆட்டத்திலும் இருக்கிறது. போடுகிற கட்டளையை அவள் எந்த ஆட்டத்திலும் எழுதியதே இல்லை. அணைப்பது வெறும் வேடிக்கையாக இருந்தவரை அதற்குத் தேவையே வந்ததில்லை. இந்தமுறை இருட்டை நிஜமாக்கியவள், அந்த இருட்டிலிருந்து வெளியே வர வழி வைக்க மறந்துவிட்டாள். உலகத்தில் ஒரே ஒருத்தன் விளக்கை அணைப்பான், அவனுக்காகத்தான் எழுதினாள், அவனைத்தான் இருட்டில் நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு இரண்டே வரி. குற்றவாளி ஓட்டுநர் என்று அவன் தட்டியிருந்தான். தீர்ப்பு ஏற்கப்பட்டது, வழக்கு முடிந்தது என்று மெஷின் சொல்லியிருந்தது. யாரைச் சொன்னாலும் அந்தப் பதில்தான் வரும். சரியா தப்பா என்று ஆடியவரே யோசிக்கட்டும் என்பது அவளுடைய கொள்கை. அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட உண்டு. தீயில் போட வேண்டும் அந்தக் கர்வத்தை. அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்து, காதில் யாரோ மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தார். உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது என்று சொல்லாமலே இணைப்பைத் துண்டித்தாள்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடினாள். அலமாரியில் மெஷின் சின்னதாக இரைந்துகொண்டிருந்தது.

"சார், நேத்து வந்த ஆள் எங்கேருந்து வந்தான்னு மட்டும் சொல்லுங்க. உங்க சட்டத்தையெல்லாம் கொஞ்சம் தள்ளி வைங்க. அவன் என் தம்பி. உயிர் போற விஷயம்."

வாத்தியார் நல்ல மனுஷர். அவர் முகம் செத்துப்போனது. "இருந்தா இந்த நிமிஷமே குடுத்துடுவேம்மா," என்றார். "நான் எங்கேயும் வைக்கிறதே இல்ல. ஆடறவங்க யார்கிட்டயும் மாட்டக் கூடாதுன்னு நானே அழிச்சுக்கிட்டு வரேன்."

அங்கேயே உட்கார்ந்து விளக்கைப் போடுகிற கட்டளையை எழுதி ஏற்றினாள். எந்த அறையிலும் எந்த விளக்கையும் இனி போடலாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"இருட்டுல விட்டுட்டு வந்துட்டியாடி அவன," என்றாள் அம்மா.

துப்பக்கா அதற்குமேல் அந்த வீட்டில் நிமிர்ந்து நடக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த வாக்கியம் வந்து எதிரில் உட்காரும். பேப்பரில் அடையாளம் தெரியாத ஆண் என்று எங்கேயாவது போட்டிருந்தால் வயதைப் பார்ப்பாள், உயரத்தைப் பார்ப்பாள். இல்லை என்று தெரிந்ததும் வருகிற நிம்மதிக்காகத் தன்னையே வெறுப்பாள். அதுவும் யாரோ பெற்ற பிள்ளைதானே. காலையில் வருகிற வரிகளைத் திறப்பதற்கே பயமாக இருந்தது. திறக்காமல் இருக்கவும் முடியவில்லை.

வாரங்கள் கழித்து, நம்பிக்கை எல்லாம் வற்றிய பிறகு, அவன் மறுபடி வந்தான். விளக்கை அணைத்து அணைத்துக் கூடத்தைத் தாண்டினான். உள்ளறைக்குள்ளும் அணைத்தான். டாக்டர் வந்ததும் போய் நின்று, ஒரே ஒருமுறை, விளக்கைப் போடு என்று தட்டினான். வெளிச்சம் வந்தது. டாக்டரைக் கேள் என்றான். டாக்டர் சொன்னார்: மோதலில் பட்ட அடி உயிர் போகிற அடியே இல்லை. இதயம் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. கையைப் பிடித்ததே அந்த வலியில்தான் இருக்கும். பக்கத்தில் நானே உட்கார்ந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது.

அதன்பின் அவன் தட்டியது கட்டளையே இல்லை.

அக்கா இது நிஜமா.

நீ சொல்வது எனக்குப் புரியவில்லை.

அக்கா எனக்காகப் பொய் சொல்றியா.

நீ சொல்வது எனக்குப் புரியவில்லை.

அக்கா.

நீ சொல்வது எனக்குப் புரியவில்லை.

உள்ளறை விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தான்.

துப்பக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி, வாய்விட்டு, ஒப்பாரிபோல் அழுதாள். அவன் கேட்டான். இத்தனை நாளுக்குப் பிறகு அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டான். அதற்கு அவள் எழுதி வைத்த மெஷின், அவள் எழுதி வைத்த வார்த்தையிலேயே, புரியவில்லை என்று முகத்தில் அறைந்து கதவைச் சாத்தியிருக்கிறது. எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேருக்குப் போன அந்த வாக்கியத்தை அவள் ஒருநாளும் நின்று படித்ததில்லை. மேலதிகாரி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அன்றைக்கே அந்த வாக்கியத்தை எடுத்தாள். மெஷினுக்குப் புரியாத எதைத் தட்டினாலும் இனிமேல் ஒரே பதில்தான்:

நிஜம்தான்டா. டாக்டர் என்கிட்ட சொன்னதை அப்படியே எழுதினேன். இந்த ஒரு தடவை பொய் இல்லை. வீட்டுக்கு வா.

மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். குறும்புக்காக நாற்காலியைச் சாப்பிடு என்று தட்டிய ஒருவருக்கு நிஜம்தான்டா, வீட்டுக்கு வா என்று பதில் போனது. தோட்டக்காரரைக் கிள்ளப் பார்த்தவருக்கும் அதே பதில். ஆட்டம் கெட்டுப்போய்விட்டது, எடுத்துவிடுங்கள் என்று வாத்தியாருக்குப் புகார்மேல் புகார். அவர் எருமை மாட்டின்மேல் மழை பெய்ததுபோல் இருந்துவிட்டார். துப்பக்காவும் மாற்றவில்லை. ஊரெல்லாம் சிரிக்கட்டும், கேட்க வேண்டியவன் கேட்டால் போதும்.

நாலைந்து நாளில் வந்தான். எங்கேயும் போகவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை. கூடத்தில் நின்று, அக்கா இது நிஜமா என்று தட்டினான். பதிலை வாங்கிக்கொண்டான். விளக்கை அணைத்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்து அதையே கேட்டான். அதற்கு மறுநாளும். எத்தனை தரம் கேட்டாலும் மெஷின் சலிக்காமல் அதையே சொன்னது. சில நாள் வேறு மாதிரி கேட்டான்: அப்பாவுக்கு வலிச்சிருக்குமா, அம்மா என்னைப் பத்தி என்ன சொல்றா. அதற்கும் அதே பதில்தான் போயிற்று. அம்மா என்ன சொல்கிறாள் என்பதற்குத் தனியாகப் பதில் எழுதலாமா என்று துப்பக்கா கேட்டாள்.

"வேணாம்," என்றாள் அம்மா. "வீட்டுக்கு வான்னுதான் நானும் சொல்றேன். அதைவிட வேற என்ன இருக்கு. லைட்டை அணைச்சானா?"

"அணைச்சாம்மா."

அணைத்தான் என்றால் அன்றைக்கு அவன் உயிரோடு இருக்கிறான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அடுத்த காலை வரை ஓட்டினார்கள். அதைப் பிழைப்பு என்று சொன்னால் பிழைப்புதான்.

ஒரு காலையில் வந்த வரிகள் கொஞ்சம்தான் இருந்தன. அவன் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் விளக்கை அணைத்தான். சமையலறையில் அணைத்தான், உள்ளறையில் அணைத்தான். அறை அறையாக வீடு முழுக்க இருட்டாக்கிவிட்டு வாசலுக்கு வந்தான். முழுசாக முடித்துக்கொண்டு போகிறவன்தான் இப்படி எல்லாவற்றையும் அணைப்பான் என்று துப்பக்காவுக்குத் தோன்றியது. கடைசி வரியைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் திறந்தாள்.

வாசல் விளக்கைப் போடு.

அதோடு ஆட்டத்தை விட்டுப் போயிருந்தான்.

அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அலுவலகத்தை விட்டு எழுந்து வந்துவிட்டாள். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே அந்த வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். "அணைச்சானா?" என்றாள் திரும்பாமலே.

"எல்லாத்தையும் அணைச்சுட்டாம்மா. வாசல் லைட்டை மட்டும் போட்டுட்டுப் போயிருக்கான்."

அம்மா கரண்டியை அப்படியே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போய், காலை வெயிலில், அப்பா மாட்டிய அந்த ஸ்விட்சைத் தட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமாகப் போன எதிர்வீட்டுக்காரர், பட்டப்பகலில் விளக்கு எரிகிறதே, அணைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் அம்மா. "இன்னும் ஒருத்தன் வர வேண்டியிருக்கு. அவன் வந்து அணைப்பான்."